இரண்டாவது 'யூ' எங்கே போனது? ஆங்கிலம் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்கும், அதை வகுப்பில் கற்பிப்போருக்கும், விடைத்தாள் திருத்துவோருக்கும் வணக்கம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'க்யூரியஸ்', 'இன்க்விசிட்டிவ்', 'நோசி', 'ப்ரையிங்' ஆகிய நான்கு சொற்களும் பாடநூல்களில் ஒரே வரியில் அடுக்கப்படுகின்றன. 'ஒரே பொருள் தரும் சொற்கள்' என்று மேலே ஒரு தலைப்பு. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். எழுத்தில் பிழை வந்தால் சிவப்பு மையால் சுழிக்கப்படுகிறது. ஏன் அப்படி எழுத வேண்டும் என்று அவர் கேட்டால், 'ஆங்கிலம் அப்படித்தான்' என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலை ஏற்க என்னால் முடியவில்லை. அறியும் ஆவலைக் குறிக்கும் இந்தச் சொற்களின் எழுத்துக்குப் பெரும்பாலும் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் பாடத்தில் சேருங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அதிகமாகப் பிழை நேரும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். 'க்யூரியஸ்' என்ற சொல் ஓ, யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளில் முடிகிறது. அதிலிருந்து 'க்யூரியாசிட்டி' என்ற பெயர்ச்சொல்லை அமைக்கும் மாணவர், இருக்கும் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு ஐ, டி, ஒய் எழுத்துகளைப் பின்னால் சேர்க்கிறார். ஓவுக்குப் பின் ஒரு யூ நின்றுவிடுகிறது. பிழைதான். ஆனால் அந்தப் பிழையைச் செய்தவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

'யூவை நீக்கிவிடுக' என்று ஒரு வரி விதி சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் அந்தப் பெயர்ச்சொல்லின் இலத்தீன் வடிவத்தில் நீக்குவதற்கு எதுவும் இருக்கவில்லை. இலத்தீனில் பெயரடை 'கூரியோசுஸ்', பெயர்ச்சொல் 'கூரியோசிட்டாஸ்'. இரண்டிலும் ஓ என்ற எழுத்தை அடுத்து எஸ்தான் வருகிறது. பெயரடை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் ஈறு ஓ, யூ, எஸ் என்ற வடிவத்தில் நிலைத்தது. பெயர்ச்சொல்லோ இலத்தீனின் ஓவை அப்படியே காத்துக்கொண்டது. ஆக, யூ தொலையவில்லை; பெயரடையில்தான் புதிதாகச் சேர்ந்தது. இதைச் சொல்லிவிட்டால் 'ஜெனரஸ்', 'ஜெனராசிட்டி', 'மான்ஸ்ட்ரஸ்', 'மான்ஸ்ட்ராசிட்டி', 'லூமினஸ்', 'லூமினாசிட்டி' என்று ஒரு குடும்பமே ஒரே மூச்சில் விளங்கிவிடும். இயற்பியல் பாடத்தில் வரும் 'விஸ்காசிட்டி'யும், பாறைகளைப் பற்றிய பாடத்தில் வரும் 'போராசிட்டி'யும் அதே குடும்பம். அறிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே கரும்பலகையில் இந்தச் சொற்களை எழுதிக்காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'சீரியஸ்' என்பதிலிருந்து 'சீரியஸ்னெஸ்', 'கான்ஷியஸ்' என்பதிலிருந்து 'கான்ஷியஸ்னெஸ்' என்று வரும்போது யூ அசையாமல் நிற்கிறது. காரணம், 'னெஸ்' என்பது ஆங்கிலத்தின் சொந்த ஈறு. அது எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் அந்தச் சொல்லின் ஈற்றெழுத்துகளை இப்படிக் கலைப்பதில்லை. 'இட்டி' என்பது இலத்தீன் வழி வந்த ஈறு. அது இலத்தீன் வடிவத்தையே கேட்கிறது. 'க்யூரியஸ்னெஸ்' என்றும் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. பழையது, இன்று வழக்கில் அருகியது, ஆனால் அகராதிகளில் இருக்கிறது. அதில் யூ இருக்கிறது. யூ போட்டு எழுதிய மாணவரிடம், 'நீ நினைத்த முறை ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் வேறோர் ஈற்றோடு' என்று சொல்லிப் பாருங்கள். பிழை ஒரு பாடமாகிவிடும்.

தமிழ் வகுப்பில் நாம் இதைத்தானே செய்கிறோம்? கருமை, குயில் என்ற இரண்டும் சேர்ந்து 'கருங்குயில்' ஆகும்போது, 'மை' ஏன் போனது, 'ங்' எங்கிருந்து வந்தது என்று விதி சொல்லி விளக்குகிறோம். ஈறுபோதல், இனமிகல் என்று பிள்ளைகள் வாயாரச் சொல்கிறார்கள். அங்கே விதிக்கு ஆசைப்படும் மனம்தான் ஆங்கில வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறது.

காதையும் பயன்படுத்தலாம். 'க்யூரியஸ்' என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. பின்னால் வரும் ஓவும் யூவும் தேய்ந்த ஒலியாகின்றன. 'க்யூரியாசிட்டி' என்னும்போது அழுத்தம் நடுவே இருக்கும் ஓவின்மேல் ஏறுகிறது. அங்கே அந்த எழுத்து தெளிவாகக் காதில் விழுகிறது. உரக்கப் படிக்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இனி வேர். 'கூரா' என்ற இலத்தீன் சொல்லுக்குக் கவனம், அக்கறை, கவலை என்று பொருள். 'கூரியோசுஸ்' என்றால் அக்கறை மிகுந்தவர். அந்த அக்கறை எல்லை தாண்டினால், தேவையில்லாததையும் தோண்டிப் பார்ப்பவர். நல்லதும் அல்லதும் தொடக்கத்திலேயே ஒரே சொல்லுக்குள் இருந்தன. அந்த 'கூரா'வின் வழித்தோன்றல்களை வரிசையாகப் பாருங்கள்: நோயைத் தீர்க்கும் 'க்யூர்', அருங்காட்சியகப் பொருள்களைக் காக்கும் 'க்யூரேட்டர்', அக்கறையோடு செய்யப்பட்டதால் துல்லியமான 'ஆக்யுரேட்', கைகளைப் பேணும் 'மானிக்யூர்', கவலையிலிருந்து விலகி நிற்கும் 'செக்யூர்'. அந்த 'செக்யூர்' பிரெஞ்சில் தேய்ந்து 'ஷ்யூர்' ஆயிற்று. ஒரு நாளில் எத்தனையோ முறை 'ஷ்யூர்' என்று சொல்லும் பிள்ளைக்கு, அது 'க்யூரியஸ்' என்பதற்கு உறவு என்று தெரியும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தை ஒரு முறையாவது நீங்கள் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அக்கறையைக் குறிக்கும் 'கேர்' என்ற ஆங்கிலச் சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஒலி நெருக்கம், பொருள் நெருக்கம், இரண்டும் இருந்தும் உறவில்லை. 'கேர்' ஜெர்மானிய வழியில் வந்த பழைய ஆங்கிலச் சொல். அதன் பழம்பொருள் துயரம், மனக்கவலை. சில கையேடுகள் இரண்டையும் ஒரே வேரில் ஒட்டிவிடுகின்றன. வேர்ச்சொல் கற்பிக்கப் புகுந்தால் இந்த இடத்தில் கவனம் தேவை. ஒலி ஒத்திருப்பதை நம்பிச் சொன்ன வேர், சொல்லாத வேரைவிடக் கெடுதல் செய்யும்.

வேரில் உறவில்லாத இந்த இரண்டு சொற்களும் ஒரு பழமொழியில் சந்தித்துக்கொண்டன. ஆவல் பூனையைக் கொன்றது என்னும் ஆங்கிலப் பழமொழியைப் பாடநூல்கள் தொன்றுதொட்டு வந்ததுபோல் தருகின்றன. அதன் பழைய வடிவம் வேறு. 1598இல் மேடையேறிய பென் ஜான்சனின் நாடகத்திலும், அதை ஒட்டிய காலத்து ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் பூனையைக் கொல்வது 'கேர்', அதாவது கவலை. கவலையின் இடத்தில் ஆவல் வந்து உட்கார்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். கவலை உடலை அரிக்கும் என்று சொன்ன பழமொழி, கேள்வி கேட்காதே என்று மிரட்டும் பழமொழியாக மாறிவிட்டது. இதைப் பிள்ளைகளுக்கு அறிவுரையாக எழுதிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன் வரலாற்றோடு கொடுங்கள்.

ஆவலுக்கு வந்த பெயரும் பழியும் தனிக் கதை. பழைய ரோமின் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், செய்தி அறியும் ஆவலில் தாம் பசித்திருப்பதாகச் சொல்கிறார். 'கூரியோசிட்டாஸ்' என்ற சொல்லை நாம் முதலில் காண்பது அந்தக் கடிதத்தில்தான். ஏறத்தாழ கி.பி. 400இல் எழுதிய கிறித்தவச் சமய அறிஞர் அகஸ்டின் அதே சொல்லைக் கண்களின் இச்சை என்று பாவக் கணக்கில் சேர்த்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் அந்தக் கறை போகவில்லை. 1651இல் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் அதை மனத்தின் இச்சை என்கிறார். ஆனால் பழிப்பதற்காக அல்ல. மனிதரை மற்ற விலங்குகளிலிருந்து பிரித்துக் காட்டுவது பகுத்தறிவும் இந்த ஆவலும்தான் என்பது அவர் வாதம். இச்சை என்ற அதே சொல்லை வைத்துக்கொண்டே பழியைப் புகழாக்கிவிட்டார். 1751இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் இன்னும் வெளிப்படையாக, வலிமையான அறிவின் நிலையான அடையாளங்களுள் ஒன்று ஆவல் என்று எழுதினார். 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய ஊர்திக்குச் சூட்டப்பட்ட பெயரும் 'க்யூரியாசிட்டி'. அந்தப் பெயரைக் கட்டுரைப் போட்டியில் முன்மொழிந்தவர் 12 வயது மாணவி. பாவப் பட்டியலிலிருந்து வேற்றுக் கோள் வரைக்கும் ஒரு சொல் போன பாதை இது. இதில் பாதியையாவது ஒரு வகுப்பில் சொல்லலாமே.

பொருள் மாறியதற்கும் சான்று காட்ட வேண்டும், ஏனென்றால் பழைய நூல்களைப் படிக்கும்போது மாணவர் இடறுவது அங்கேதான். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் குருவின் ஆடையில் கட்டும் கச்சைக்கு 'க்யூரியஸ்' என்ற அடை வருகிறது. கச்சைக்கு ஏது ஆவல்? நுணுக்கமாக, அக்கறையோடு நெய்யப்பட்டது என்பது அங்கே பொருள். விசித்திரமானது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. கேட்பவரைக் குறித்த சொல், கேட்க வைக்கும் பொருளையும் குறிக்கத் தொடங்கியது. அதனால்தான் இன்று ஒரு சிறுவனை 'க்யூரியஸ் பாய்' என்றால் ஆவல் மிக்கவனா, விசித்திரமானவனா என்ற ஐயம் எழுகிறது. 'க்யூரியஸ் கொஸ்டின்' என்றாலோ ஐயமே இல்லை, விசித்திரமான கேள்விதான். 'அபௌட்' சேர்ந்தாலும், 'டு நோ' சேர்ந்தாலும் ஆவல் என்ற பொருள் உறுதியாகிவிடும். வாக்கியத்தின் தொடக்கத்தில் 'க்யூரியஸ்லி' என்று வந்தால் 'வியப்பு என்னவென்றால்' என்பதற்கு நெருக்கம். இந்த வேறுபாடுகளில் ஒன்றுகூட ஒருபொருட்பன்மொழிப் பட்டியலில் ஏறுவதில்லை.

'இன்க்விசிட்டிவ்' வேறு வேரிலிருந்து வருகிறது. 'க்வைரெரே' என்ற இலத்தீன் வினைச்சொல்லுக்குத் தேடுதல், கேட்டல் என்று பொருள். 'க்வெஸ்ட்', 'கொஸ்டின்', 'ரிக்வெஸ்ட்', 'அக்வயர்', 'ரிக்வயர்' எல்லாம் அதன் கிளைகள். தேடித் தேடித் தேர்ந்தெடுத்தது என்பதால் 'எக்ஸ்க்விசிட்' என்றால் மிக நேர்த்தியானது. இத்தனைச் சொற்களிலும் க்யூவும் யூவும் பிரியாமல் வருவதைச் சுட்டிக்காட்டினால், 'இன்க்விசிட்டிவ்' என்ற நீண்ட சொல்லின் எழுத்து பயமுறுத்தாது. 'கூரா'விலிருந்து வந்தது அக்கறையின் ஆவல். இது தேடலின் ஆவல். விடாமல் கேள்வி கேட்பவரைக் குறிக்கும்போது இதில் சற்றே உறுத்தல் உண்டு. ஐரோப்பாவில் சமயக் குற்ற விசாரணை மன்றங்களுக்கு 'இன்க்விசிஷன்' என்ற பெயர் வழங்கியதையும், ஸ்பெயினில் அது 1478இல் நிறுவப்பட்டதையும் சொன்னால், அந்த உறுத்தலின் வரலாறும் புரியும்.

'இன்க்வயரி' என்ற சொல்லை ஐ போட்டுத் தொடங்குவதா, ஈ போட்டுத் தொடங்குவதா என்பதில் மதிப்பெண் குறைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஈ வடிவம் பிரெஞ்சு வழி வந்தது, ஐ வடிவம் இலத்தீனை நோக்கித் திருத்தியது. இரண்டும் பல நூற்றாண்டுகளாக வழங்குகின்றன. பிரிட்டனில் சாதாரணமாகக் கேட்பதற்கு ஈ வடிவத்தையும், முறையான விசாரணைக்கு ஐ வடிவத்தையும் பலர் பின்பற்றுகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஐ வடிவமே. ஒன்று சரி, மற்றது பிழை என்று சொல்ல எந்த அடிப்படையும் கிடையாது. 'நோசி' என்ற சொல்லில் ஒய்க்கு முன் ஈ வரலாம், வராமலும் இருக்கலாம், அதுவும் இப்படியே.

'நோசி' என்று சொன்னதும் நம் மொழிக்கு வந்துவிட்டோம். வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பது என்று நாமும் சொல்கிறோமே! அந்தச் சொல்லின் கடுப்பு தமிழ் மாணவருக்கு ஒரு நொடியில் விளங்கும். ஆனால் பட்டியலில் 'க்யூரியஸ்' பக்கத்தில் அதை வைத்துவிட்டதால், தன் ஆசிரியரைப் பாராட்ட நினைத்து 'நோசி' என்று எழுதிவிடுகிறார் ஒரு மாணவர். குற்றம் அவருடையது அல்ல. பட்டியல் போட்டவர்களுடையது.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரித்தது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. கேள்வியின் சொற்கள் ஒன்றாக இருந்தாலும் கேட்பவரின் நோக்கம் வேறானால் வினாவே வேறு என்பது அந்தப் பகுப்பின் அடிப்படை. ஆங்கிலத்தின் ஆவல் சொற்களையும் இப்படி நோக்கம் பார்த்துப் பிரிக்கலாம். அறிந்துகொள்ளத் துடிப்பது 'க்யூரியஸ்'. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது 'நோசி'. மறைத்து வைத்ததைத் துருவிப் பார்ப்பது 'ப்ரை'. திருட்டுத்தனமாக நோட்டம் விடுவது 'ஸ்னூப்'. ஒட்டுக் கேட்பது 'ஈவ்ஸ்ட்ராப்'.

இந்தக் கடைசி இரண்டும் சுவையானவை. 'ஸ்னூப்' டச்சு மொழியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்தது; டச்சில் அதன் பொருள், யாருக்கும் தெரியாமல் தின்பண்டம் தின்பது. 'ஈவ்ஸ்' என்றால் கூரையின் இறவாரம். அங்கிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில், சுவரை ஒட்டி நின்று உள்ளே பேசுவதைக் கேட்டவர்தான் 'ஈவ்ஸ்ட்ராப்பர்'. ஒட்டுக் கேட்பவர் நின்ற இடமே அவருக்குப் பெயராகிவிட்டது.

அடுத்தவர் காரியத்தில் தலையிடுபவரை 'நோசி பார்க்கர்' என்பார்கள். அந்தப் பார்க்கர் 16ஆம் நூற்றாண்டின் கான்டர்பரி பேராயர் மாத்யூ பார்க்கர் என்று பல நூல்கள் உறுதியாக எழுதுகின்றன. ஆனால் தொடர் அச்சில் தென்படுவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இடையில் முந்நூறு ஆண்டுக்கும் மேலான மௌனம். நல்ல கதை என்பதற்காக அதைப் பாடமாக்கிவிடாதீர்கள்.

எழுத்துக் குழப்பத்தில் இன்னும் இரண்டு இடங்கள் மிச்சம். ஒன்று, ஆவலைத் தூண்டுவது என்ற பொருளில் வரும் 'பீக்'. பி, ஐ, க்யூ, யூ, ஈ என்பது அதன் எழுத்து. மலையுச்சியைக் குறிக்கும் 'பீக்', ஒளிந்து பார்ப்பதைக் குறிக்கும் 'பீக்' இரண்டும் ஒலியில் அதே. ஆவல் உச்சிக்குப் போகிறது என்று நினைத்து மலையுச்சியின் எழுத்தைப் போடுவது ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் பரவலான பிழை. குத்துதல், தைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது என்று சொன்னால் க்யூ ஏன் வந்தது என்பது விளங்கும். நாவைச் சுள்ளென்று குத்தும் சுவைக்கு 'பீக்கன்ட்' என்ற உறவுச் சொல்லும் உண்டு. மனம் குத்துப்பட்டால் சினமும் வரலாம், ஆவலும் வரலாம்; அந்தச் சொல் இரண்டையும் குறிக்கிறது.

மற்றது, வியப்பதையும் அறிய ஆவல்கொள்வதையும் குறிக்கும் 'வண்டர்'. ஒலி 'வண்', எழுத்தோ ஓ. பழைய ஆங்கிலத்தில் அது யூ போட்டுத்தான் எழுதப்பட்டது. கையால் ஏடு எழுதிய காலத்தில் யூ, என், எம், டபிள்யூ எழுத்துகளெல்லாம் நெட்டுக் கோடுகளாகவே இருந்தன. டபிள்யூ, யூ, என் அடுத்தடுத்து வந்தால் எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் எழுத்தர்கள் நடுவில் இருந்த யூவை ஓவாக மாற்றினார்கள் என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். மகனைக் குறிக்கும் 'சன்', 'லவ்', 'கம்', 'மங்க்', 'ஹனி' ஆகியவற்றில் ஓ நிற்பதும் இப்படித்தான். தினமும் எழுதும் இத்தனைச் சொற்களின் புதிர் ஒரே விளக்கத்தில் அவிழ்கிறது. அலைவதைக் குறிக்கும் 'வாண்டர்' ஏ போட்டு எழுதப்படுவதையும் இதே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஆவல் இல்லாமையைக் குறிக்க 'அன்இன்ட்ரஸ்டட்'. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் பக்கச் சார்பு இல்லாதவர். நல்ல நீதிபதிக்கு இருக்க வேண்டிய குணம். 17ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டின் பொருளும் இடம் மாறி வழங்கியதுண்டு என்பதால், பிழை செய்பவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். இன்றைய வழக்கைச் சொல்லித் திருத்தினால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. சொற்பட்டியலுக்குக் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் வேரும் வந்த வழியும் இரண்டு வரியில் அச்சிடுங்கள். 'ஒரே பொருள்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, யார் யாரைப் பற்றி எந்த இடத்தில் சொல்லலாம் என்று எழுதுங்கள். வினாத்தாளில், நண்பரின் தாயிடம் எந்தச் சொல்லைச் சொன்னால் அவர் மனம் புண்படும், ஏன் என்று கேளுங்கள். எழுத்தை மட்டும் சோதிக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியைவிட அதில் மாணவரின் அறிவு நன்றாகத் தெரியும். ஆசிரியர் பயிற்சியில் ஒரே ஒரு நாளைச் சொல் வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். நல்ல வேர்ச்சொல் அகராதி ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று அன்று கற்றுக்கொடுங்கள், மீதியை ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்த ஆண்டே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது: 'இன்க்வயரி', 'நோசி' ஆகியவற்றின் இரண்டு வடிவங்களுக்கும் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தமிழ்வழியில் ஆங்கிலம் கற்ற ஒரு வாசகர்